கணக்கு போன பின்னும் நின்ற பிரம்பு

1823 ஆகஸ்டில் பெல்லாரி மாவட்டக் கலெக்டர் ஏ.டி. கேம்பெல் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தம் மாவட்டத்துத் திண்ணைப் பள்ளிகளில் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்று அதில் விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் கிடையாது, பழியும் கிடையாது. மூன்றாமவனுக்குப் பிரம்பால் மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன் பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். இருபது பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கடைசியாக வந்தவனுக்குப் பதினெட்டு அடி. கணக்குச் சொல்லித்தரும் இடத்தில் தண்டனையும் கூட்டுத் தொடராகவே இருந்திருக்கிறது! பெல்லாரி கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஊர்தான். ஆனால் வந்த வரிசைப்படி அடி வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டுத் திண்ணைகளுக்கும் புதிதல்ல. இந்த விதியைப் படிக்கிறவர்கள் பொதுவாக இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். பழைய வாத்தியார்கள் ஈவிரக்கமற்றவர்கள் என்பது ஒன்று. அந்த அடியில்தான் கணக்கு ஏறியது, இப்போது அடியும் இல்லை கணக்கும் இல்லை என்பது மற்றொன்று. இரண்டு பேச்சும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஒரு வகுப்பின் விதிகள் எங்கிருந்து பிறக்கின்றன? திண்ணைப் பள்ளியின் விதிகளில் பெரும்பாலானவை அங்கே கற்பிக்கப்பட்ட கணக்கின் தன்மையிலிருந்தே பிறந்தவை என்பதும், அந்தக் கணக்கு போன பிறகு அவற்றுள் எது நின்றது, எது போனது என்பதில்தான் நம் பள்ளிக்கூடத்தின் வரலாறு இருக்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். திண்ணைப் பிள்ளையின் பாடநூல் எண்சுவடி. ஒன்று, இரண்டு என்று ஏறுகிற எண்களோடு, ஒன்றுக்குக் கீழே இறங்குகிற எண்களும் அதில் சரிபாதி இடம் பிடித்திருந்தன. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகும் ஒரு வழி. மா, அரைமா, காணி, அரைக்காணி, முந்திரி என்று இருபதின் கூறுகளாகப் போகும் இன்னொரு வழி. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. அதோடு நின்றதா என்றால் இல்லை. முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றார்கள். அது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. இதற்கு மேல் நெல்லிலக்கம்: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். பொன்னுக்கு ஓர் இலக்கம் தனியே உண்டு. நிலத்துக்குக் குழிமாத்து: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. கால் கோலைக் கால் கோலால் பெருக்கினால் வீசம் குழி, அரைக்காலை அரைக்காலால் பெருக்கினால் கால் வீசம் என்று பின்னத்துக்கும் வாய்ப்பாடு உண்டு. இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளை பின்னத்தைக் கண்டு மிரள்கிறது. அன்றைய பிள்ளைக்குப் பின்னம் தெருவில் திரிகிற ஆள் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயர் இருந்தது.

இந்தக் கணக்கு எதற்கு வேண்டியிருந்தது என்பது களத்துமேட்டுக்குப் போனால் தெரியும். ஒரு வயலில் 37 கலம் 5 குறுணி விளைந்தது, பாதி மேல்வாரம் என்றால் எவ்வளவு? 18 கலம் 8 குறுணி 4 நாழி. நெல் குவிந்திருக்கிறது, மரக்கால் கையில் இருக்கிறது, அளப்பவன் காத்திருக்கிறான், நிலக்காரர் நிற்கிறார், கணக்கப்பிள்ளை ஓலையோடு நிற்கிறார். அங்கே உட்கார்ந்து எழுத்தாணியால் கீறிக் கணக்குப் போட முடியாது. விடை வாயில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கணக்கப்பிள்ளை சொல்லும் விடை சரியா என்று பக்கத்தில் நிற்பவனும் அந்த நொடியிலேயே மனத்துக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்க் கணக்கு ஒரு சிலர் கையில் இருந்த காலத்தில், வாய்ப்பாடு தெரியாதவன் குறுணிக்கணக்கில் ஏமாறுவான். ஆகவே எண்சுவடியின் இலக்கு, கேட்டவுடன் பிசகாமல் சொல்லும் வேகம். எழுதிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதி அதில் கிடையாது. ஓலை விலைப்பொருள், பிள்ளைகள் எழுதிப் பழகியது மணலில். மணலில் எழுதினது அடுத்த வரிக்குள் அழிந்துவிடும். அழியாமல் வைத்திருக்க ஒரே இடம் மனம்தான்.

மனத்தில் வைத்திருப்பதுதான் பாடம் என்றால் வகுப்பு எப்படி இருக்கும்? 1623இல் கர்நாடகத்து இக்கேரியில் தங்கியிருந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைக் கண்டார். ஒருவன் ஒரு வரியை ராகமாகச் சொல்கிறான், சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுகிறான்; மற்ற மூவரும் அதையே பாடி எழுதுகிறார்கள். வாத்தியார் பக்கத்தில் இல்லை. தவறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். நாலு பேருக்கும் ஒரே இடத்தில் தவறாது, ஒருவருக்கொருவர் திருத்திக்கொள்வோம் என்ற பொருளில் பதில் வந்தது. திண்ணைப் பள்ளியின் அமைப்பு முழுவதும் இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. உரக்கச் சொல்ல வேண்டும் என்ற விதி ஏன் என்றால், வாய்க்குள் முணுமுணுத்தால் பக்கத்தில் இருப்பவனால் திருத்த முடியாது. சட்டாம்பிள்ளை ஏன் என்றால், வாத்தியார் ஒருவர் முப்பது பிள்ளைகளின் வாயையும் ஒரே நேரத்தில் கேட்க முடியாது. ஒரு படி மேலே போன பிள்ளை கீழே இருப்பவனுக்கு முறை சொல்லிக்கொடுத்தால் அவன் கற்பான், சொல்லிக்கொடுப்பவனுக்கும் கற்றது இறுகும். விடியலில் வந்தே தீர வேண்டும் என்ற விதி ஏன் என்றால், கோரஸில் ஒரு நாள் விட்டவன் அடுத்த நாள் எங்கே சேர்வது? எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் சரிசெய்கிற பாடமா அது? பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிக்காமல் தேர்ச்சியைப் பார்த்துப் பிரித்ததற்கும் இதே காரணம்தான். ஒரு வாய்ப்பாடு மனத்தில் ஏறியவன் அடுத்ததற்குப் போவான், ஏறாதவன் அங்கேயே நிற்பான். ஆண்டுத் தேர்ச்சியோ தோல்வியோ அங்கே இல்லை. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திரத்தில்’ தம் திண்ணைப் பள்ளி நாட்களை எழுதியபோது ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்: மாலையில் வீட்டுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார்கள், மறுநாள் காலை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பூவுக்கும் கணக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நினைவைச் சாணை பிடிக்கும் வேலை அது. வீட்டுப்பாடம் என்பதன் பழைய உருவமும்கூட.

இப்படிப்பட்ட பள்ளிகள் எத்தனை இருந்தன? 1822 ஜூனில் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ எல்லாக் கலெக்டர்களிடமும் விவரம் கேட்டார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்த கணக்கு: மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மக்கள்தொகை ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல் என்பதால், ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே எழுதினார். இந்த அறிக்கைகளைத் தேடியெடுத்து 1983இல் புத்தகமாக்கிய தரம்பாலுக்குப் பிறகுதான் பொதுவெளியில் இவை பேசப்பட்டன. வாத்தியாரின் பிழைப்பு பெரும்பாலும் பெற்றோர் கொடுத்த காசிலும் நெல்லிலும் நடந்தது. இது வகுப்பு விதிகளைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு செய்தி. சம்பளம் கொடுப்பவர் ஊர்க்காரர். பிள்ளை கற்றானா என்று சோதிப்பவரும் அவரே. தகப்பனார் வீட்டில் ஒரு நெல்லிலக்கக் கேள்வி கேட்டால் பிள்ளை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாத்தியாரின் பெயர் கெடும், நெல்லும் குறையும். தேர்வு என்று தனியாக ஒரு நாள் தேவைப்படவில்லை. அமாவாசை, பௌர்ணமி விடுமுறை நாட்களிலும் தேர்வு வீட்டில் நடந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்லலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் வெறும் மனப்பாடம்தானே, கணிதம் எங்கே இருக்கிறது? கேம்பெலே இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறார். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். அவர் மனத்தில் இருந்தது பெரும்பாலும் பழைய செய்யுள் நடையில் அமைந்த நூல்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவற்றின் சொற்களே புரியாது. நெல்லிலக்கம் அப்படிப்பட்டதல்ல. உழக்கும் நாழியும் பிள்ளையின் வீட்டு அடுக்களையில் இருந்த பாத்திரங்கள். இரண்டு உழக்கு ஓர் உரி என்பதைத் தினமும் அம்மா அரிசி அளக்கும்போது கண்ணால் பார்த்தவன் அவன். பொருள் முதலில் தெரிந்து, பெயரும் வரிசையும் பிறகு வந்த கல்வி இது. வாய்ப்பாட்டின் முடிவில் எல்லாப் பெருக்குத் தொகைகளின் கூட்டுத்தொகையையும் எண்சுவடி தருகிறது. பாட்டில் எங்கேனும் பிசகினால் மொத்தம் உதைக்கும், பிழை அகப்படும். தன் விடையைத் தானே சோதிக்கப் பழக்குவதைக் கிளிப்பிள்ளைத்தனம் என்று தள்ள முடியாது. அடுத்த படியாகக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களில் வழிக்கணக்குகள் காத்திருந்தன. பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ணும் கணக்கு அதில் பெயர் போனது: காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். பழம் அந்த விதிக்குக் கட்டுப்படுமா என்பது வேறு விஷயம். கேள்வி பிள்ளையைச் சுண்டி இழுத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏன் அப்படி என்ற கேள்விக்குத் திண்ணையில் இடம் குறைவு. குழிமாத்துச் சொல்லும் பிள்ளை சதுர நிலத்தை அளப்பான். கோணல் நிலத்துக்கு வழக்கத்தில் இருந்த உத்தேச விதி ஏன் சில நேரம் தவறுகிறது என்று கேட்க அவனுக்குச் சொல்லித்தரப்படவில்லை. களத்துமேட்டுக்குப் போதுமான கணக்கு அது; அதற்கு மேல் அது ஆசைப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. அந்தத் திண்ணை யார் வீட்டுத் திண்ணை? மன்றோவின் 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களுள் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகளே பெரும்பான்மை என்று தரம்பால் எடுத்துக்காட்டியது உண்மை. அக்கால அறிக்கைகளின் வகைப்பாட்டில் சூத்திரர் என்ற தலைப்பின் கீழ் வருபவர்களே பல இடங்களில் பாதிக்கு மேல். ஆனால் அந்தத் தலைப்பு நிலமுள்ள வேளாளரையும் உள்ளே வைத்துக்கொள்ளும். நெல்லை அறுத்தவன், அடித்தவன், தூற்றியவன் பிள்ளை திண்ணைக்கு ஏறவில்லை. நான் முன்னே சொன்ன களத்துமேட்டுக் காட்சியை மறுபடி பார்த்தால், அங்கே வாய்ப்பாடு தெரிந்து நின்றவர்கள் மேல்வாரக்காரரும் கணக்கப்பிள்ளையும் நடுத்தரக் குடியானவரும். கூலியாக அளக்கப்படும் நெல் சரியா என்று சொல்ல முடியாமல் நின்றவர் ஒருவர் இருந்தார். வந்த வரிசைப்படி அடி என்ற விதி உள்ளே இருந்தவர்களுக்குச் சமமானது. வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த விதியே கிடையாது. அடையாற்றில் ஆல்காட் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியது 1894இல்தான். ஆகவே திண்ணைப் பள்ளியை ஊர்ப் பொதுச் சொத்தாகக் காட்டும் எழுத்தை நான் ஏற்கவில்லை. விதிகளுக்கு ஒரு காரணம் இருந்தது என்பது என் வாதம். அந்தக் காரணம் நியாயமான உலகத்தில் இயங்கியது என்பது அல்ல.

இனி பிரம்புக்கு வருவோம். உரக்கச் சொல்வதும் சட்டாம்பிள்ளையும் விடியலில் வருவதும் கணக்கிலிருந்து பிறந்தவை என்றால், அடியும் கணக்கிலிருந்துதான் பிறந்ததா? கோதண்டம் என்ற பெயரில் உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடுவது, ஓடிப்போகிறவன் காலில் மரக்குட்டையை மாட்டுவது, ஓயாமல் தோப்புக்கரணம் போடச் சொல்வது எல்லாம் நினைவுக் கல்விக்குத் தேவையா? இதற்கு விடை சொல்லத் தற்செயலாக ஒரு சோதனையே நடந்திருக்கிறது, அதுவும் சென்னையில். 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகளுக்கான ராணுவ அனாதை விடுதியின் பொறுப்பை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஏற்றார். பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். உடனே எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கி மற்றவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். மணல், கோரஸ், சட்டாம்பிள்ளை மூன்றையும் எடுத்துக்கொண்ட பெல் பிரம்பை எடுத்துக்கொள்ளவில்லை. குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளையே ஜூரியாக உட்காரவைத்துத் தீர்ப்புச் சொல்லச் செய்தார். அடி இல்லாமலும் அந்த முறை ஓடியது. 1797இல் அவர் அதை லண்டனில் புத்தகமாக வெளியிட, மெட்ராஸ் முறை என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அதே முறையைக் கையில் எடுத்த ஜோசப் லங்காஸ்டர் பிரம்பை வெறுத்தவர். ஆனால் குறும்புக்காரப் பிள்ளையைக் கூடையில் வைத்து உத்தரத்துக்கு ஏற்றினார். கோதண்டம் கடல் தாண்டிப் போனது போலத்தான்! பெல் காட்டியது இதுதான்: சட்டாம்பிள்ளை கணக்கின் தேவை, பிரம்பு வாத்தியாரின் வசதி.

பிறகு கணக்கு மாறியது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்த விதிகளின்படி பள்ளிக்கு மானியம் பிள்ளைகளின் தேர்ச்சியைப் பொறுத்தது. படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் தவறுகிற பிள்ளைக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற கருத்து அதே பத்தாண்டில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, திண்ணைப் பள்ளிகளும் மெல்ல மெல்ல அதற்குள் இழுக்கப்பட்டன. இதன் விளைவு வெறும் பாடத்திட்ட மாற்றமல்ல. வகுப்பின் விதிகளே தலைகீழாயின. சோதிக்கிறவர் இப்போது ஊர்க்காரர் அல்ல, வருஷத்துக்கு ஒருமுறை வரும் இன்ஸ்பெக்டர். அவருக்கு முப்பது பிள்ளைகளின் வாயைக் கேட்க நேரமில்லை. பலகையில் எழுதிய விடையைப் பார்த்தால் போதும். ஆகவே கணக்கு வாயிலிருந்து கைக்கு வந்தது. எழுத்துக்கணக்கில் பக்கத்திலிருப்பவன் பார்த்துவிடக் கூடாது. ஆகவே வகுப்பு மௌனமாக வேண்டும். இக்கேரிச் சிறுவர்களுக்குக் கற்றலாக இருந்தது, பக்கத்துப் பையன் தவறைத் திருத்துவது, இன்ஸ்பெக்டர் முன்னால் குற்றமானது. பார்த்து எழுதுவது என்ற சொல்லுக்கே இழிவு வந்தது இந்தக் காலத்தில்தான். வரிசையாக வருவதன் இடத்தை வருகைப் பதிவேடு பிடித்தது; சரஸ்வதியின் பெயர் போய் ஒரு கோடு வந்தது. தேர்ச்சியைப் பார்த்து நகர்ந்த பிள்ளை, ஆண்டைப் பார்த்து நகரும் பிள்ளையானான். தேறாதவன் என்று ஒரு புதுப் பிறவி உண்டானான். ரூபாய், அணா, பைக்கு ஏற்ற கூட்டல் கழித்தலும் ஆங்கில நூல்களின் பின்னமும் தசமமும் வந்தபோது, மாவும் காணியும் முந்திரியும் பள்ளியிலிருந்து வெளியேறத் தொடங்கின. வீசம் மட்டும், ரூபாய்க்கு 16 அணா இருந்ததால், ஓரணா என்ற உருவில் ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்த மாற்றத்தைக் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காகிதம் மலிவானபோது ஞாபகத்தின் சுமை குறைவது இயல்பே. எழுதிக் காட்டும் கணக்கில் படிப்படியாக வழியைப் பார்க்கலாம். ஏன் என்ற கேள்விக்குத் திண்ணை தராத இடத்தை அது தர முடியும். சேர்க்கை விதிகள் அரசின் கைக்கு வந்ததால் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும், தாமதமாகவேனும், உள்ளே வர முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே பழைய திண்ணைக்குத் திரும்பச் சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். என் குறை வேறு. விதிகளில் எதை விட்டோம், எதை வைத்துக்கொண்டோம் என்பதில் யாரும் யோசித்து முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது, தேர்ச்சியின் வேகத்தில் போவது, விடையைத் தானே சோதிப்பது, வீட்டில் புழங்கும் அளவைகளிலிருந்து தொடங்குவது ஆகியவை கணக்கோடு பிணைந்த விதிகள். அவை கணக்கோடு போயின. கணக்கோடு பிணையாதது பிரம்பு ஒன்றுதான். அது போகவில்லை. நெல்லிலக்கம் ஒப்பிக்காதவனுக்கு விழுந்த அடி, அல்ஜீப்ரா சூத்திரம் மறந்தவனுக்கு விழுந்தது. அணாவைப் பைசாவாக்கத் தெரியாதவனுக்கு விழுந்தது. பழைய வகுப்பின் கண்டிப்பு இன்று இல்லையே என்று வருந்துகிறவர்கள், அந்தக் கண்டிப்பில் பயனுள்ள பாகம் எப்போதோ கைவிடப்பட்டதையும், அவர்கள் ஏங்குகிற பாகம் மிக அண்மைக்காலம் வரை விடாமல் தொடர்ந்ததையும் கவனிப்பதில்லை.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் தசம நாணயம் வந்தது. ரூபாயின் வீசமாக இருந்த அணாவுக்கு அன்றுமுதல் விடை கொடுக்கத் தொடங்கினார்கள். பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடைசெய்யும் 17ஆம் பிரிவைக் கொண்ட கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று.